உப்பளக் கரையில் உலகச் சட்டம்

பாண்டிச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணத்தை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படும் ஒருவர், முத்தியால்பேட்டையைக் கடந்ததும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்னும் ஊர்கள் வரையில் தமிழ்நாட்டிலேயே செல்கிறார். பிள்ளைச்சாவடியிலும் காலாப்பட்டிலும் மறுபடி புதுச்சேரிக்குள் வந்து, கனகசெட்டிக்குளத்தைத் தாண்டிய பின் மீண்டும் தமிழ்நாட்டை அடைந்து, அப்பால் மரக்காணத்து உப்பளங்களின் வெண்மையைக் காண்கிறார். இத்தனை எல்லைகளைக் கடந்தும் மண் மாறவில்லை, பேச்சு மாறவில்லை, குப்பங்களில் வலை உலர்த்தும் முறையும் மாறவில்லை. போலீஸாரின் தொப்பி சிவப்பாகிறது, கடைகளில் சில பண்டங்களின் விலை மாறுகிறது, அவ்வளவே.

இவ்வெல்லைகளை ஆறோ மலையோ வகுக்கவில்லை. நவாபுகளும் சுபேதார்களும் அளித்த கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர் போரில் இழப்பதும், 1763இல் பாரிஸிலும், 1783இல் வெர்சேல்ஸிலும், 1814இல் மீண்டும் பாரிஸிலும் கையெழுத்தான உடன்படிக்கைகளால் திரும்பப் பெறுவதுமாக இருந்த நெடிய சரித்திரத்தின் தழும்புகளே இவை. ஆகையால், பெரிய முதலியார்சாவடியில் நின்றுகொண்டு சர்வதேசச் சட்டத்தைப் பற்றி யோசிப்பது பொருத்தமற்ற காரியமன்று. அச்சட்டம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது, யாருக்கு நன்மையும் யாருக்குத் துன்பமும் விளைக்கிறது என்னும் கேள்விகளுக்கு ஜெனீவாவிலும் ஹேகிலும் கிடைக்கும் விடைகளைப் போலவே இக்கரையிலும் விடைகள் கிடைக்கும். அவ்விடைகளைத் தேடும் முறைகள் எவை, ஒவ்வொன்றும் எதுவரையில் நமக்கு வழிகாட்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டமும் சாஸ்திரங்களும்

சட்ட வல்லுநர்கள் வழக்கமாகக் கையாளும் முறை எளிமையானது. சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்பு விதிகளில் 38ஆவது பிரிவு, உடன்படிக்கைகள், நாடுகளின் வழக்காறு, பொதுவான நியாயத் தத்துவங்கள் என மூன்று மூலங்களைக் கூறி, தீர்ப்புகளையும் அறிஞர் நூல்களையும் துணையாகச் சேர்க்கிறது. இவற்றை வாசித்து, பொருள் கண்டு, வழக்குக்குப் பொருத்துவதே அவர்கள் வேலை. சர்வதேசச் சட்டம் என்பது மேலதிகாரி ஒருவன் இட்ட கட்டளையன்று, ஆதலால் அது சட்டமேயன்று, ஒருவகை ஒழுக்கமே என்று ஜான் ஆஸ்டின் 1832இல் வாதித்ததற்குப் பிறகு, அது சட்டந்தான் என்று நிலைநாட்டுவதிலேயே வல்லுநர்களின் பெரும்பொழுது கழிந்தது. லூயி ஹென்கின் 1968இல் வெளியிட்ட நூல், பெரும்பாலான நாடுகள் பெரும்பாலான வேளைகளில் இச்சட்டத்தை மதித்தே நடக்கின்றன என்று எடுத்துக்காட்டி, விவாதத்தை நடத்தையின் பக்கம் திருப்பியது. நாடுகள் ஏன் கீழ்ப்படிகின்றன, எப்போது மீறுகின்றன என்று கேட்கத் தொடங்கிய கணமே சட்ட நூல் மட்டும் போதாதென்பது விளங்கிவிட்டது. சரித்திரம், பொருளாதாரம், அரசியல், மானிடவியல், புள்ளியியல் ஆகிய சாஸ்திரங்கள் ஒவ்வொன்றாக இத்துறைக்குள் புகுந்தது அதன் பின்னரே.

உண்மையில் இவற்றுக்கான வாசல் 38ஆவது பிரிவிலேயே திறந்திருக்கிறது. வழக்காறு என்றால் என்ன? நாடுகள் நெடுங்காலமாகச் செய்துவருவதும், அதைக் கடமையென்று கருதிச் செய்வதுமே வழக்காறு. ஒருவர் என்ன செய்கிறார், எதை நம்பிச் செய்கிறார் என்று அறிவது சமூக ஆராய்ச்சியின் வேலையல்லவா? தாத்ரா, நகர் ஹவேலி என்னும் தன் உட்பகுதிகளுக்குச் செல்லும் வழியுரிமை கோரிப் போர்ச்சுகல் தொடுத்த வழக்கில், 1779இல் மராட்டியருடன் செய்துகொண்ட உடன்படிக்கை முதல் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து நடைமுறை வரையில் சர்வதேச நீதிமன்றம் ஆராய்ந்து, 1960இல் தீர்ப்பளித்தது. தனியாருக்கும் சிவில் அதிகாரிகளுக்கும் சரக்குகளுக்கும் வழியுரிமை உண்டு, படைக்கும் போலீஸுக்கும் ஆயுதத்துக்கும் இல்லை, இந்தியா தன் கடமைக்கு மாறாக நடக்கவுமில்லை என்பது முடிவு. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை நீதிபதிகள் கண்டது நூறாண்டுக்கு மேற்பட்ட அன்றாடப் போக்குவரத்தின் பழக்கத்திலிருந்தே.

சரித்திரத்தின் சாட்சி

இத்துறையில் சரித்திர முறைக்குச் சென்னையே ஒரு பிறப்பிடம் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். போலந்து நாட்டவரான சார்லஸ் ஹென்றி அலெக்ஸாந்த்ரோவிச் 1951இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். இங்கிருந்தே சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூலை வெளிக்கொணர்ந்தார். கிழக்கிந்தியத் தேசங்களில் நாடுகளுக்கிடையிலான சட்டத்தின் சரித்திரத்தைப் பற்றி 1967இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது: பதினாறு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பியர் ஆசிய அரசர்களோடு செய்துகொண்டவை சமமான அரசுகளுக்கிடையே எழுந்த மெய்யான உடன்படிக்கைகளே, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பா தன் சட்டக் குடும்பத்திலிருந்து ஆசியாவை வெளியேற்றியது. இலங்கையைப் பூர்விகமாகக் கொண்ட ஆண்டனி ஆங்கியும், நம் நாட்டின் பி. எஸ். சிம்னியும், மூன்றாம் உலக நோக்கில் எழுதும் பிறரும் இதனினும் கடுமையான தீர்ப்பைச் சொல்கிறார்கள்: குடியேற்ற ஆதிக்கம் இச்சட்டத்தின் வழியில் நேர்ந்த பிசகன்று, இறைமை என்னும் தத்துவமே அவ்வாதிக்கத்தின் உலைக்களத்தில் வார்க்கப்பட்டது என்பது அவர்கள் கொள்கை.

இவ்விரு கொள்கைகளையும் நம் கரையிலேயே உரைத்துப் பார்க்கலாம். மரக்காணத்துக்கு வடக்கே கழிமுகத்தில் சிதைந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, 1750இல் சுபேதார் முசாபர் ஜங்கால் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்கு அளிக்கப்பட்டது. அப்போது கொடுப்பவன் ஆசியன், பெறுபவன் ஐரோப்பியன். 1815 மார்ச் 7ஆம் தேதி இக்கரையின் உப்பைப் பற்றிய ஒப்பந்தம் லண்டனில் கையெழுத்தானபோது மேஜையின் இருபுறமும் ஐரோப்பியரே அமர்ந்திருந்தனர். அலெக்ஸாந்த்ரோவிச் சொன்ன வெளியேற்றம் அறுபத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்ததற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஆனால் உடன்படிக்கைத் தொகுதிகளை மட்டும் வாசிப்பவருக்கு இச்சரித்திரத்தின் பாதியே கிட்டும். பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பில், உடன்படிக்கையின் வாசகத்தில் தென்படாத பேரமும் நஜரும் மரியாதைக் கிரமமும் வதந்தியும் நிறைந்திருக்கின்றன. துபாஷியின் கண்ணால் பார்த்த சர்வதேச உறவு அது. அதற்கு ஈடான சாட்சியம் உலகில் அதிகமில்லை.

உப்பும் பொருளாதாரமும்

மேற்சொன்ன 1815ஆம் ஆண்டு ஒப்பந்தம் பொருளாதார முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை ராஜதானியில் 1805 முதல் உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்காரின் ஏகபோகமாக இருந்தது. ஏகபோகத்தின் விலை, பக்கத்தில் வேறொருவர் மலிவாக விற்காதவரையில்தான் நிலைக்கும். எல்லை ஒரு வயல் வரப்பாக இருக்குமிடத்தில், இரவோடிரவாக ஒரு மூட்டை அப்புறமிருந்து இப்புறம் வந்துவிட்டால் வரி வருமானம் போயிற்று. ஆகவே, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்ச் செலவுக்கு வேண்டியது போக மற்றதனைத்தையும் வாங்கும் உரிமையைப் பிரிட்டிஷார் பெற்று, அதற்கீடாக ஆண்டொன்றுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க இசைந்தனர். அதுவும் போதாமல், 1818இல் செய்த மற்றோர் ஒப்பந்தத்தின்படி உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டு, உப்பள உடைமையாளருக்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் அளிப்பதென்று ஏற்பாடாயிற்று.

இரு அரசுகளும் தத்தம் லாபத்தைக் கணக்கிட்டு, அந்த லாபம் நிலைக்கும்வரை வாக்கைக் காப்பாற்றுகின்றன என்று பொருளாதார அறிஞர் சொல்வது இங்கே முற்றிலும் பொருந்துகிறது. ஆயினும் கணக்கில் வராத ஒருவர் உண்டு. பாத்தி மிதித்து, நீர் கட்டி, வெயிலில் உப்பு வாரிக் கரையேற்றிய கூலிக்காரருக்கு அந்த வராகனில் பங்கில்லை. இரு தரப்பாருக்கும் லாபம் என்று முடிக்கப்பட்ட ஒப்பந்தத்துக்கு விலை கொடுத்தவர் மூன்றாமவர். இம்மூன்றாமவரைத் தேடுவதே சமூக நோக்கின் முதற்கடமை என்பேன்.

உப்பின் கதை அத்தோடு முடியவில்லை. அயோடின் குறைவால் வரும் நோய்களை 2000ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென்று உலக சுகாதாரப் பேரவை 1990இல் தீர்மானித்தது. நாடுகளைக் கட்டாயப்படுத்தும் உடன்படிக்கையன்று அது, வெறும் தீர்மானம். எனினும் அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்குத் தடை விதித்து, 2000இல் அதை நீக்கி, 2006இல் மீண்டும் கொண்டுவந்தது இந்திய அரசு. ஜெனீவாவில் எழுந்த ஒரு கருத்து சிறு உப்பளக்காரரின் பிழைப்பு முறை வரை வந்து சேர்ந்த பாதையை எந்த உடன்படிக்கைத் தொகுதியிலும் காணவியலாது. குழந்தைகளின் உடல்நலம் என்னும் மெய்யான நன்மையையும், சிறு உற்பத்தியாளரின் சிரமத்தையும் ஒருங்கே வைத்து எடைபோடும் ஆய்வாலேயே அதைக் காணமுடியும்.

சம்மதம் என்னும் அரசியல் கேள்வி

அரசியல் சாஸ்திரம் கேட்கும் கேள்வி வேறு: யார் சம்மதித்தார்கள்? பிரான்ஸின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மக்கள் சம்மதமின்றி எந்தப் பிரதேசத்தையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்றது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. உடன்படிக்கை 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தாயிற்று. ஆனால் அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்ஸ் அதை உறுதிசெய்யத் தயங்கியதால், அல்ஜீரியா விடுதலை பெற்ற பின்னரே, 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி அது சட்டப்படி அமலுக்கு வந்தது. ஏறக்குறைய எட்டாண்டுக் காலம் பாண்டிச்சேரி நடைமுறையில் இந்தியாவாகவும் சட்டப்படி பிரான்ஸாகவும் இருந்ததன் காரணம், உடன்படிக்கையின் எந்த ஷரத்திலும் இல்லை. ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்தது.

அந்த உடன்படிக்கையின் இரண்டாம் ஷரத்து, இப்பிரதேசத்தின் தனி நிர்வாக அந்தஸ்தில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்கிறது. 1979 ஜனவரியில், பாண்டிச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் யோசனை எழுந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், யோசனை கைவிடப்பட்டது. வாக்குறுதி என்பது அரசுகள் தமக்குள் கொடுத்துக்கொண்டதாயினும், மக்கள் அதைத் தங்களுக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்ளும்போது அதற்குப் புதியதோர் உயிர் வந்துவிடுகிறது.

குடும்பமும் குப்பமும்

மனித உரிமைத் தத்துவங்கள் உள்ளூர்ப் பேச்சில் பெயர்ந்து வேறு வடிவம் கொள்வதை 2006இல் சாலி எங்கிள் மெரி தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். மானிடவியலின் இம்முறைக்குப் பாண்டிச்சேரியைப் போன்ற களம் அரிது. 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அங்கே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியப் பிரஜைகள் ஆவார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அங்கே பிறந்து சைகோனிலோ பாரிஸிலோ குடியிருந்தவர் பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடித்தார். ஆகவே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் வியத்நாமில் உத்தியோகம் பார்த்த அண்ணன் பிரெஞ்சுக்காரனும், வீட்டைக் காத்த தம்பி இந்தியனும் ஆவது இயல்பாயிற்று. பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து ஓய்வூதியம் பெறுவோரைச் 'சொல்தா' என்று ஊரார் அழைக்கும் அந்த ஒரு சொல்லில் பட்டாளமும், பென்ஷனும், பாஸ்போர்ட்டும், கல்யாணச் சந்தையில் ஒரு குடும்பத்தின் மதிப்பும் அடங்கியிருக்கின்றன. பிரஜாவுரிமை என்று சட்ட நூல் நாலு வரியில் சொல்வதன் முழுப் பொருள் அதுவே.

கடலுக்கு வந்தாலும் இதே நிலை. சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை ஆகும், எந்த வலை ஆகாது என்று தமக்குள் விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளை, டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க் 2001இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து, சர்க்காரின் சட்டமும் ஊரின் சட்டமும் ஒரே கடலில் அருகருகே இயங்குவதை விளக்கினார். இவற்றுக்கு மேலே மூன்றாவதாக நிற்பது சர்வதேசச் சட்டம். இந்தியாவும் இலங்கையும் 1974இல் பாக் நீரிணையில் எல்லை வகுத்தபோது, கச்சத்தீவுக்குப் போய்வரும் வழக்கத்தையும் படகுகளின் பாரம்பரிய உரிமைகளையும் பற்றிய ஷரத்துகள் இருந்தன. 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அடுத்த நாட்டின் நீரில் மீன்பிடிப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. இதை இரு தேசங்களின் தகராறு என்று மட்டும் பார்ப்பவர், எல்லையின் இருபுறமும் வலை வீசுவோர் தமிழரே என்பதையும், விசைப்படகின் இழுவைமடிக்கும் சிறு படகின் வலைக்கும் இடையே உள்ள பூசலே அதன் உட்கரு என்பதையும் காணத் தவறுகிறார். யுத்தத்தால் நெடுங்காலம் கடலிறங்க முடியாதிருந்து 2009க்குப் பின் திரும்பிய வடஇலங்கை மீனவரின் வறுமையையும், இராமேசுவரத்து மீனவரின் சிறைவாசத்தையும் ஒரே நூலில் எழுதத் துணியும் ஆய்வே நேர்மையான ஆய்வு.

கீழிருந்து மேலே சென்ற கதையும் உண்டு. சென்னையில் அலுவலகம் கொண்ட மீன்தொழிலாளர் ஆதரவுச் சர்வதேசக் கூட்டமைப்பு, பிற நாட்டு மீனவர் அமைப்புகளோடு சேர்ந்து பல்லாண்டு உழைத்ததன் பயனாக, சிறு அளவு மீன்பிடித் தொழிலுக்கான வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் மீன்வளக் குழு 2014இல் ஏற்றது.

மணலும் நீரும்

எல்லை தாண்டும் தீங்கு என்பது சர்வதேசச் சட்டத்தின் பெரிய தலைப்புகளுள் ஒன்று; கனடாவின் உலோக உருக்காலைப் புகை அமெரிக்க வயல்களைக் கெடுத்த வழக்கில் 1941இல் நடுவர் மன்றம் கூறிய தீர்ப்பு அதன் அடிக்கல். பெரிய முதலியார்சாவடியின் கடலோரத்தில் அத்தலைப்பு கண்கூடு. 1980களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. வடபுறத்துக் கடற்கரை கரைந்து, சின்ன முதலியார்சாவடி முதல் பொம்மையார்பாளையம் வரையில் குப்பத்து மக்கள் மணற்பரப்பை இழந்தார்கள். சுவர் ஓர் ஆட்சியின் எல்லையில், தீங்கு மற்றோர் ஆட்சியின் எல்லையில். இரு நாடுகளுக்கிடையே இது நிகழ்ந்திருந்தால் ஹேக் வரை சென்றிருக்கலாம். நம்மிடையே இதை அளந்து சொல்லக் கடலியலாரும், உணர்ந்து சொல்ல மீனவரும், பொறுப்பை வரையறுத்துச் சொல்லச் சட்ட அறிஞரும் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. சர்வதேச நீதிபதியாயிருந்த இலங்கையர் சி. ஜி. வீரமந்திரி, டான்யூப் நதி அணை வழக்கில் 1997இல் எழுதிய தனித் தீர்ப்பில், இலங்கையின் பழங்காலக் குளங்களையும் பாசன மரபையும் சாட்சியாக நிறுத்தியது, இத்தகைய சேர்க்கைக்கு உயர்ந்த முன்மாதிரி.

எண்களும் தீர்ப்புகளும்

புள்ளியியல் முறை அண்மைக் காலத்தில் ஓங்கியிருக்கிறது. மனித உரிமை உடன்படிக்கைகளில் கையெழுத்திட்ட நாடுகள் அதனாலேயே நல்லவையாகிவிடுவதில்லை என்று ஊனா ஹாத்தவே 2002இல் எண்களைக் கொண்டு வாதித்தார். உள்நாட்டில் மக்கள் அமைப்புகளும் சுதந்திரமான நீதிமன்றங்களும் உள்ள இடத்தில் அவை பயன் தருகின்றன என்று பெத் சிம்மன்ஸ் 2009இல் விடையளித்தார். நம் நாட்டின் அனுபவம் பின்னவருக்கே சான்று பகர்கிறது. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஆதாரமாகக் கொண்டு பணியிடங்களுக்கு நெறிகள் வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. வேலூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் சர்வதேச நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கியது. அதே ஆண்டு, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனின் முறையீட்டின் பேரில், கடற்கரை இறால் பண்ணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்தது. இவற்றில் ஒன்றேனும் உடன்படிக்கை மட்டும் தனித்து நின்று செய்த காரியமன்று. போராடியவர்களும் வழக்காடியவர்களும் தீர்ப்பளித்தவர்களும் சேர்ந்து செய்தது.

முறைகளின் எல்லை

இவ்வளவும் சொன்ன பின், ஓர் எச்சரிக்கையும் அவசியம். சமூக சாஸ்திரங்களின் துணையில் மயங்கிச் சட்டத்தையே கரைத்துவிடக் கூடாது. எல்லாம் பலத்தின் விளையாட்டு என்று அரசியல் நோக்கினரும், எல்லாம் லாபக் கணக்கு என்று பொருளாதார நோக்கினரும் முடித்துவிட்டால், 'இது அநியாயம்' என்று சொல்ல எளியவனுக்கு மொழியே இராது. சிறையிலிருக்கும் மீனவனுக்கு வழக்கறிஞர் எடுத்துக்காட்டும் ஷரத்து அற்பமானதன்று. அதன் ஒவ்வொரு சொல்லையும் நுணுகி வாசிக்கும் சட்டப் பயிற்சியும் அற்பமானதன்று. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்குச் சட்ட நூலே பிரமாணம். அச்சொல் உலகில் என்ன செய்தது என்பதற்கு மற்றச் சாஸ்திரங்களே பிரமாணம். முன்னதை அறியாத சமூக ஆய்வு வெறும் குறைகூறலாகவும், பின்னதை அறியாத சட்ட ஆய்வு வெறும் பாராயணமாகவும் முடியும் என்பது என் துணிபு. எந்தச் சாஸ்திரத்தின் வழியே சென்றாலும், ஒப்பந்தத்தின் கணக்கில் விடுபட்டவர் யார் என்னும் கேள்வியைக் கைவிடாதிருப்பதே இவ்வாய்வுகளைப் பிணைக்கும் நூலாக இருக்கத் தக்கது.

இதற்கு வேண்டிய சாதனங்கள் நம் அருகிலேயே உள்ளன. காலாப்பட்டில் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. பாண்டிச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமே 1954இன் ஆட்சி மாற்றத்தின் விளைவாகத் தோன்றியது. குப்பங்களில் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். மரக்காணத்தில் உப்பு வாருவோர் இருக்கிறார்கள். 1962 ஆகஸ்டு முதல் ஆறு மாதக் காலத்துக்குள், எந்நாட்டுப் பிரஜையாக வாழ்வதென்று தீர்மானித்துப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர்களும், இடாமல் விட்டவர்களும் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். சட்டம் பயிலும் இளைஞர்களும் சமூகவியல் பயிலும் இளைஞர்களும் சேர்ந்து போய், அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்கு இனிக் காலமில்லை.